ஊசியைப் பார்த்தாலே மயங்கி விழுகிறேன், நடத்தைச் சிகிச்சையில் இது சரியாகுமா?

சரியாகும். எனக்குச் சரியாகியிருக்கிறது. ஆனால் "மூச்சை இழுத்து விடு, உடம்பைத் தளர்த்திக்கொள்" என்று எல்லோரும் சொல்வார்களே, அதை மட்டும் கேட்காதீர்கள். உங்களுக்கு வேண்டியது அதற்கு நேர் எதிரானது.

உயரத்தையோ பல்லியையோ கண்டு பயந்தால் நெஞ்சு படபடக்கும், ரத்த அழுத்தம் ஏறும். மயக்கம் வருவது அபூர்வம். ரத்தம், ஊசி என்றால் அழுத்தம் கொஞ்சம் ஏறிவிட்டுச் சட்டென்று இறங்கிவிடும். காது அடைத்து, கண் இருட்டி, ஆள் கீழே. "இவ்வளவு பெரிய ஆளுக்கு ஊசி பயமா" என்று கேலி செய்பவர்களுக்கு இது புரிவதில்லை. இது கோழைத்தனமே இல்லை, குடும்பத்தில் வழிவழியாக வருவதும் உண்டு. என் அப்பாவும் இப்படித்தான்.

தசையை இறுக்கினால் இறங்கும் அழுத்தம் மறுபடி ஏறும், மயக்கம் வராது. இதற்கான முறையை உருவாக்கியவர் சுவீடன் உளவியலாளர் லார்ஸ்-யோரான் ஓஸ்ட். 1987இல் அதை வெளியிட்டார். உட்கார்ந்தபடி கை, கால், வயிற்றுத் தசைகளை இறுக்கிப் பிடியுங்கள். 10, 15 விநாடியில் முகத்தில் சூடு ஏறும். அப்புறம் விடுங்கள், ஒரேயடியாகத் தளர்ந்துவிடாமல் பழைய நிலைக்கு வந்தால் போதும். அரை நிமிடம் கழித்து மறுபடியும். இப்படி ஐந்து முறை, தினமும் சில வேளை. மூச்சை அடக்காதீர்கள். தலை வலித்தால் இறுக்கத்தைக் குறையுங்கள்.

இது கைவந்த பிறகுதான் பயத்தின் பக்கம் போக வேண்டும். என் சைக்காலஜிஸ்ட் முதலில் ரத்தம் எடுக்கும் போட்டோக்களைக் காட்டினார், பிறகு வீடியோ, பிறகு ஊசி மாட்டாத சிரிஞ்சைக் கையில் கொடுத்தார். லேபில் சும்மா உட்கார்ந்துவிட்டு வரவும் சொன்னார். எனக்கு ஸ்பிரிட் வாடையிலேயே வியர்க்கத் தொடங்கிவிடும். அந்த முதல் அறிகுறியிலேயே இறுக்கிவிட வேண்டும், கண் இருட்டும் வரை காத்திருக்கக் கூடாது. குத்தும் கையை மட்டும் தளர்வாக விடுங்கள், இல்லையென்றால் வலிக்கும். ஒரு கையை விட்டுவிட்டு மற்றதையெல்லாம் இறுக்குவது தனி வித்தை, எனக்கு அதற்குத்தான் அதிக நாள் பிடித்தது. ஊசி இறங்குவதைப் பார்க்கவும் பழகுங்கள். முகத்தைத் திருப்பிக்கொண்டே இருந்தால் பயம் அப்படியே தங்கிவிடும்.

பிரஷர், இதய நோய் இருந்தாலோ கர்ப்பமாக இருந்தாலோ டாக்டரிடம் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள். யாரைப் பார்ப்பது என்று தெரியவில்லையென்றால் அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண் 14416-ஐ அழையுங்கள், தமிழிலேயே பேசலாம். அதுவரை எங்கே ரத்தம் எடுக்கப் போனாலும் மயக்கம் வரும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், படுக்க வைத்து எடுப்பார்கள்.