சுற்றுலாப் பணம் ஊருக்கு வந்து சேர்கிறதா?

கேள்வி: சுற்றுலாப் பயணிகள் கோடிக்கணக்கில் செலவழிக்கிறார்கள். ஆனால் அந்த ஊர் நகராட்சியோ குப்பை அள்ளவே காசில்லை என்கிறது. அந்தப் பணமெல்லாம் எங்கேதான் போகிறது?

பதில்: நகராட்சி சொல்வது பெரும்பாலும் பொய்யில்லை. நீங்கள் ஓட்டலிலும் கடையிலும் கொடுக்கும் பணம் முதலில் முதலாளிக்குப் போகிறது, அதன் மீதான விற்பனை வரியும் வருமான வரியும் பல நாடுகளில் மேலே இருக்கும் அரசுக்குப் போய்விடுகின்றன. உள்ளாட்சிக்கு நேராக வருவது சொத்து வரி, தொழில் உரிமக் கட்டணம், வண்டி நிறுத்தும் கட்டணம், நுழைவுச் சீட்டு, இப்படிச் சில்லறைகள்தான். இதில் சொத்து வரி கொஞ்சம் கனமானது. ஆனால் ஓட்டல் நிரம்பி வழிந்தாலும் காலியாகக் கிடந்தாலும் அது ஒரே தொகை, கூட்டம் ஏறும்போது ஏறுவது குப்பையும் சாக்கடையும் தண்ணீர்த் தேவையும் மட்டுமே.

இதைச் சரிக்கட்டத்தான் தங்கும் வரி வந்தது. ஆம்ஸ்டர்டாம் 2024 முதல் அறை வாடகையில் 12.5 சதவீதம் வசூலிக்கிறது. சதவீதமாக இருப்பது நல்லது என்பேன், வாடகை ஏறினால் வரியும் கூடவே ஏறும். ஓர் இரவுக்கு இவ்வளவு என்று தொகையாக வைத்துவிட்டு, அதை அவ்வப்போது உயர்த்தாமல் விட்டால் விலைவாசியே அதைத் தின்றுவிடும்.

சரி, காலையில் வந்து சாயங்காலம் கிளம்பிவிடுபவரை என்ன செய்வது? வெனிஸ் 2024 ஏப்ரல் 25-ல் அதற்கு ஒரு வழியை முயன்றது. குறிப்பிட்ட சில நாட்களில் மட்டும், பகலில் வந்து போகிறவர்களிடம் 5 யூரோ. இரவு தங்குபவர் ஏற்கெனவே தங்கும் வரி கட்டுவதால் அவருக்கு விலக்கு. நியாயமான கணக்குதான்.

கேள்வி: இப்படி வரி போட்டால் கூட்டம் குறைந்துவிடாதா?

பதில்: விமான டிக்கெட்டுக்கே அவ்வளவு கொடுத்தவர் 5 யூரோவுக்காகத் திரும்பிப் போவாரா என்ன! எனக்குக் கவலை வேறு இடத்தில்: வசூலான பணம் யார் கையில் இருக்கிறது என்பதில். அமெரிக்காவின் ஹவாயில் தங்கும் வரியை மாநில அரசு வசூலித்து, கவுண்டி எனப்படும் உள்ளாட்சிகளுக்குப் பங்கு கொடுத்து வந்தது. 2021-ல் அந்தப் பங்கை நிறுத்திவிட்டு, வேண்டுமானால் நீங்களே 3 சதவீதம் வரை போட்டுக்கொள்ளுங்கள் என்று சட்டம் கொண்டுவந்தது. பங்கு என்பது மேலிருப்பவர் மனது வைத்தால்தான் வரும், அதனால் சொந்தமாக வரி போடும் அதிகாரம்தான் உள்ளாட்சிக்குக் கெட்டியான பிடி.

அப்புறம், வசூலித்ததை இஷ்டத்துக்குச் செலவழிக்கவும் எப்போதும் முடியாது. அலாஸ்காவின் ஜூனோ நகரம் உல்லாசக் கப்பல் பயணிகளிடம் கட்டணம் வாங்கிக் கடற்கரை நடைபாதை போன்றவற்றுக்குச் செலவிட்டபோது கப்பல் நிறுவனங்களின் சங்கம் வழக்குப் போட்டது. கட்டணம் வாங்கலாம், ஆனால் கப்பல்களுக்கான சேவைக்கே செலவிட வேண்டும் என்று 2018-ல் தீர்ப்பு வந்தது.