செல்ல நாய் மணிக்கு எம்.ஆர்.ஐ.: கிரெடிட் கார்டில் இ.எம்.ஐ. போடலாமா?

கேள்வி: எங்கள் டாஷ்ஹண்ட் நாய் மணிக்கு 6 வயது. பத்து நாளாகப் பின்னங்கால்கள் தள்ளாடுகின்றன. பாதம் மடங்கி நகம் தரையில் உரசுகிறது. எக்ஸ்ரேயில் தெளிவாகத் தெரியவில்லை, சென்னையில் எம்.ஆர்.ஐ. எடுங்கள் என்கிறார் டாக்டர். 28,000 ரூபாயாம். என் சம்பளம் 38,000. சேமிப்பு என்று 1,20,000 ரூபாய் எஃப்.டி. மட்டும்தான், வட்டி 7 சதவீதம், முதிர இன்னும் 8 மாதம். கார்டில் 16 சதவீத வட்டிக்கு 12 மாத இ.எம்.ஐ. தருகிறார்கள். போடலாமா? (வாசகர், திருச்சி)

பதில்: நகம் உரசுகிறது என்று நீங்கள் எழுதியதைப் படித்தபோது மனசு கனத்துப்போனது. கார்டு வேண்டாம், எஃப்.டி.யையும் உடைக்க வேண்டாம். ஆனால் பணத்தை எங்கே புரட்டுவது என்பதற்கு முன்னால் டாக்டரிடம் ஒன்று கேளுங்கள்: "இந்த ஸ்கேனில் என்ன தெரிந்தால் சிகிச்சை மாறும்?"

டாஷ்ஹண்டுக்கு முதுகெலும்பு வட்டு பிதுங்கித் தண்டுவடத்தை அழுத்துவது அடிக்கடி வரும் கோளாறு. எக்ஸ்ரேயில் எலும்பு தெரியும், தண்டுவடம் தெரியாது. எந்த இடத்தில் அழுத்துகிறது என்று எம்.ஆர்.ஐ. துல்லியமாகக் காட்டும், அறுவை சிகிச்சை செய்பவருக்கு அந்த இடம் கட்டாயம் தெரிய வேண்டும். அறுவை சிகிச்சைக்கு எவ்வளவு ஆகும் என்று நீங்கள் எழுதவே இல்லை. அதையும் சேர்த்துத்தான் திட்டமிட வேண்டும். ஸ்கேனுக்குச் செலவழித்துவிட்டு, அடுத்த படிக்குக் கையில் பணமில்லாமல் நிற்பது மணிக்கும் நல்லதல்ல. மருந்தும் சில வாரக் கூண்டு ஓய்வும் (நடமாட விடாமல் கூண்டிலேயே வைப்பது) மட்டும்தான் என்று முடிவானால், எம்.ஆர்.ஐ. இப்போதே வேண்டுமா என்று கேட்கலாம்.

இன்னொன்றும் கேளுங்கள்: சி.டி. ஸ்கேன் போதுமா? இந்த இனத்தில் பிதுங்கும் வட்டில் பெரும்பாலும் சுண்ணாம்பு படிந்திருக்கும்; அது சி.டி.யில் நன்றாகவே தெரியும். சில நிமிடங்களில் முடிந்துவிடும், பொதுவாகக் கட்டணமும் குறைவு. எம்.ஆர்.ஐ.க்கு நாய் வெகுநேரம் அசையாமல் கிடக்க வேண்டும், அதனால் முழு மயக்கம் கொடுப்பார்கள். அந்த 28,000-க்குள் மயக்க மருந்து, அதற்கு முந்தைய ரத்தப் பரிசோதனை, ரிப்போர்ட் எல்லாம் அடங்குமா என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். சென்னைக்கு வண்டி வாடகை தனி. ஒரத்தநாடு, நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரிகள் உங்களுக்குப் பக்கம்தான். அங்கே என்ன வசதி, என்ன கட்டணம் என்று முதலில் ஒரு போன் போட்டு விசாரியுங்கள்.

சரி, பணத்துக்கு வருவோம். எஃப்.டி.யின் பேரில் அதே வங்கியில் கடன் கேளுங்கள். வைப்பு வட்டியைவிட 1 அல்லது 2 சதவீதம் கூடுதலாக இருக்கும். பொதுவாக 90 சதவீதம் வரை, அதாவது 1,08,000 வரை கிடைக்கும். 28,000 வாங்கி மாதம் 3,500 வீதம் 8 மாதத்தில் அடைத்தால் வட்டி ஆயிரம் ரூபாய்க்குள் முடியும். கார்டு இ.எம்.ஐ.யில் வட்டியும் அதன் மேல் ஜி.எஸ்.டி.யும் சேர்ந்து ஏறக்குறைய 3,000. பிராசசிங் கட்டணம் வேறு. அறுவை சிகிச்சை என்றாலும் இதே எஃப்.டி.யின் பேரில் கடன் எடுக்கலாம். ஆனால் வீட்டில் வேறு அவசரம் வந்தால் கைகொடுக்க இது ஒன்றுதான் இருக்கிறது. எதுவரை போகலாம் என்று ஒரு தொகையை இன்றைக்கே வீட்டில் உட்கார்ந்து பேசிவிடுங்கள்.

செல்லப்பிராணிக் காப்பீடு இதற்கு உதவாது. ஏற்கெனவே வந்த நோய்க்குத் தரமாட்டார்கள்.

ஒரு விஷயத்தில் மட்டும் தாமதம் கூடாது. கால் அடியோடு இழுத்துக்கொண்டாலோ, சிறுநீர் போகாவிட்டாலோ, விரலை அழுத்திக் கிள்ளியும் உணர்வில்லை என்றாலோ அன்றைக்கே கிளம்புங்கள், அந்த நிலையில் ஒவ்வொரு மணி நேரமும் முக்கியம். அதனால்தான் கடனுக்கு இப்போதே கையெழுத்துப் போட்டு வைக்கச் சொல்கிறேன். அதுவரை மணியைச் சோபாவில் ஏறவிடாதீர்கள். தூக்கும்போது ஒரு கை மார்புக்கு அடியில், இன்னொரு கை பின்பக்கத்துக்கு அடியில் கொடுத்து, முதுகு வளையாமல் தூக்குங்கள்.