எடைக் குறைப்பு அறுவை சிகிச்சைக்குப் பின் அமெரிக்கப் பயணம்: காப்பீட்டுப் படிவத்தில் மறைக்கலாமா?

கேள்வி: எனக்கு வயது 61, ஓய்வூதியர், கோவையில் வசிக்கிறோம். என் மனைவிக்கு (52) கட்டுப்பாட்டுக்குள் வராத சர்க்கரை நோயும் அதிக உடல் எடையும் இருந்ததால் ஏழு வாரங்களுக்கு முன் இரைப்பை பைபாஸ் (இரைப்பையைச் சிறிதாக்கிக் குடலோடு இணைக்கும்) அறுவை சிகிச்சை நடந்தது. எங்கள் குடும்பக் காப்பீட்டுப் பாலிசி அதன் செலவை ஏற்றது. டல்லாஸில் இருக்கும் மகளுக்கு இன்னும் பத்து வாரங்களில் தலைப்பிரசவம். இருவரும் சென்று ஐந்து மாதம் தங்க நினைக்கிறோம்; விசா இருக்கிறது, டிக்கெட் எடுக்கவில்லை. பயணக் காப்பீட்டுப் படிவத்தில் அறுவை சிகிச்சையைக் குறிப்பிட்டால் பாலிசி கிடைக்காது, எழுதாமல் விடுங்கள் என்கிறார் முகவர். வங்கி வைப்பு நிதியாக 14 லட்சம் ரூபாய் இருக்கிறது. என்ன செய்யலாம்?

பதில்: முகவரின் யோசனையை ஏற்காதீர்கள். மறைத்து வாங்கும் பாலிசி, பிரீமியம் கட்டிய ரசீதைத் தவிர வேறெதையும் உங்களுக்குத் தராது. வயிற்று வலி என்று டல்லாஸில் அவசரச் சிகிச்சைப் பிரிவுக்குப் போனால் அங்கே முதலில் எடுக்கப்படுவது பெரும்பாலும் சி.டி. ஸ்கேன்தான், இரைப்பை மாற்றி அமைக்கப்பட்டிருப்பது அந்தப் படத்திலேயே தெரிந்துவிடும். இங்கே நீங்கள் பெற்ற இழப்பீட்டின் பதிவும் இருக்கிறது. தகவலை மறைத்தார் என்ற ஒரே காரணத்தைக் காட்டி முழுக் கோரிக்கையையும் நிராகரிக்க நிறுவனத்துக்கு வழி கிடைத்துவிடும். அந்த நேரத்தில் முகவர் உங்கள் பக்கத்தில் நிற்கப்போவதில்லை.

ஆனால் உண்மையை எழுதிவிட்டால் மட்டும் எல்லாம் சரியாகிவிடும் என்றும் எண்ண வேண்டாம். உங்கள் கேள்வியின் கடினமான பகுதி இதுதான். உள்நாட்டு மருத்துவக் காப்பீடு பொதுவாக இந்தியாவுக்குள் நடக்கும் சிகிச்சைக்கு மட்டுமே பணம் தரும். இங்கிருந்து எடுத்துச் செல்லும் வெளிநாட்டுப் பயணப் பாலிசிகளில் ஏற்கெனவே உள்ள நோய்கள் பெரும்பாலும் விலக்கப்பட்டிருக்கும். சிலவற்றில் உயிருக்கு ஆபத்தான நிலைக்கு மட்டும் ஒரு வரம்பு வரை தருவார்கள். அமெரிக்க நிறுவனங்கள் வருகையாளர்களுக்கு விற்கும் பாலிசிகளில் ஏற்கெனவே உள்ள நோய் திடீரென, முன் அறிகுறியின்றித் தீவிரமானால் இழப்பீடு உண்டு என்று பெரிய எழுத்தில் போட்டிருப்பார்கள். அதே ஆவணத்தின் விலக்குப் பட்டியலில் உடல் பருமனுக்கான அறுவை சிகிச்சை இடம்பெற்றிருக்கும். சில பாலிசிகளில் அதனால் வரும் சிக்கல்களும் சேர்த்தே விலக்கப்பட்டிருக்கும். ஆகவே விளம்பரத் துண்டுப் பிரசுரத்தைப் படித்துவிட்டுப் பணம் கட்டாதீர்கள். முழு ஆவணத்தைக் கேட்டு வாங்கி விலக்குகள் பகுதியைப் படியுங்கள். அறுவை சிகிச்சையின் தேதியையும் வகையையும் குறிப்பிட்டு, அதன் சிக்கல்களுக்கு இழப்பீடு உண்டா என்று நிறுவனத்துக்கே மின்னஞ்சல் அனுப்பி எழுத்தில் பதில் பெறுங்கள். ஒவ்வொரு சிகிச்சைக்கும் இவ்வளவுதான் என்று வரம்பு கட்டித் தரும் மலிவான பாலிசிகளைத் தவிர்ப்பது நல்லது; அமெரிக்க மருத்துவமனைக் கட்டணத்துக்கு முன் அந்த வரம்புகள் நிற்காது.

எந்த நிறுவனமும் சிக்கல்களை ஏற்காவிட்டாலும் பாலிசி எடுத்துத்தான் செல்ல வேண்டும். கீழே விழுந்து எலும்பு முறிவது, நிமோனியா போன்ற, அறுவை சிகிச்சையோடு தொடர்பில்லாதவற்றுக்கு அது உதவும். மீதி அபாயம் உங்களுடைய பணப்பையைச் சேர்ந்தது. அந்த மீதி எவ்வளவு பெரியது என்பதை வைத்தே பயணத்தை முடிவு செய்ய வேண்டும்.

பைபாஸ் முடிந்த முதல் சில மாதங்களில் மருத்துவர்கள் கவனிக்கச் சொல்பவை தெரிந்தவையே. நீண்ட விமானப் பயணத்தில் கால் ரத்தக் குழாயில் ரத்தம் உறையும் அபாயம் கூடுகிறது. எடை வேகமாகக் குறையும்போது பித்தப்பைக் கல் உருவாகலாம். தொடர்ந்து வாந்தி இருந்தால் தயமின் என்னும் பி1 வைட்டமின் குறைந்து நரம்பு மண்டலமே பாதிக்கப்படலாம். இரைப்பையும் குடலும் இணைக்கப்பட்ட பகுதியில் புண் வரலாம். தலைவலிக்கு மகள் வீட்டு அலமாரியில் கிடைக்கும் ஐபுப்ரோஃபென் மாத்திரையைப் போட்டுக்கொள்வது அதற்கு ஒரு முக்கியக் காரணம். குடல் உட்பிதுக்கம் (வயிற்றுக்குள்ளேயே ஓர் இடைவெளியில் குடல் நழுவிச் சிக்கிக்கொள்வது) பல மாதங்கள், ஏன் ஆண்டுகள் கழித்தும் வரலாம் என்பதால், பயணத்தைத் தள்ளிப்போட்டால் அபாயம் குறையுமே தவிர அடியோடு மறையாது. இவற்றில் ஒன்றுக்கு அங்கே அவசர அறுவை சிகிச்சை தேவைப்பட்டால் கட்டணம் பல பத்தாயிரம் டாலர்களைத் தொடக்கூடும். உங்கள் 14 லட்சம் அதற்குப் போதாமல் போகலாம்.

அப்படி ஒரு நிலை வந்தால் பணம் இல்லை என்று திருப்பி அனுப்பிவிடுவார்களோ என்று அஞ்ச வேண்டாம். 1986ஆம் ஆண்டுச் சட்டப்படி, அவசரச் சிகிச்சைப் பிரிவு உள்ள அமெரிக்க மருத்துவமனைகள் ஏறக்குறைய அனைத்தும், பணம் செலுத்தும் வசதியைப் பார்க்காமல் நோயாளியின் நிலையைச் சீராக்கியே ஆகவேண்டும். பில் பிறகு வரும். லாப நோக்கற்ற மருத்துவமனைகள் கட்டணச் சலுகைத் திட்டம் வைத்திருக்க வேண்டும் என்பதும் அங்கே சட்டம்; விண்ணப்பித்துப் பேரம் பேச இடமுண்டு. பதற்றத்தில் மகளோ மருமகனோ கட்டணப் பொறுப்பை ஏற்கும் படிவத்தில் படிக்காமல் கையெழுத்திடக் கூடாது என்பதை இப்போதே அவர்களிடம் சொல்லி வையுங்கள்.

இவற்றையெல்லாம் வைத்துப் பார்த்தால், ஐந்து மாதத் திட்டத்தைச் சுருக்குவதே சரி என்பது என் கருத்து. பிரசவத் தேதியில் உங்கள் மனைவிக்கு அறுவை சிகிச்சை முடிந்து நான்கு மாதம்தான் ஆகியிருக்கும். சம்பந்தி வீட்டார் போகக்கூடிய நிலையில் இருந்தால் முதல் இரண்டு மாதங்களை அவர்கள் பார்த்துக்கொள்ளட்டும்; நீங்கள் இருவரும் அறுவை சிகிச்சை முடிந்து ஆறு மாதம் ஆன பிறகு எட்டு, பத்து வாரங்களுக்குப் போகலாம். தலைப்பிரசவத்துக்குத் தாய் அருகில் இல்லாவிட்டால் உறவில் யாராவது குறை சொல்லத்தான் செய்வார்கள். மருத்துவமனை பில்லில் அவர்கள் பங்கு கேட்கப்போவதில்லை. சம்பந்திகளால் இயலாது, போயே ஆகவேண்டும் என்றால், மூன்றாம் மாதப் பரிசோதனைக்குப் பின் அறுவை சிகிச்சை நிபுணர் பயணத்துக்குத் தகுதி உண்டு என்று எழுத்தில் தந்த பிறகே டிக்கெட் எடுங்கள். விலை சற்றுக் கூடினாலும் தேதி மாற்றும் வசதியுள்ள டிக்கெட்டாக இருக்கட்டும். உடல்நிலை சரியில்லாமல் முன்கூட்டித் திரும்ப நேர்ந்தால் அந்த வித்தியாசத் தொகை பலமடங்காகத் திரும்பி வரும்.

பரிசோதனையைப் பற்றி ஒரு சிறு செய்தி. மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பிய பிறகான செலவுகளைப் பாலிசிகள் பெரும்பாலும் 60 அல்லது 90 நாட்கள் வரை ஏற்கும். உங்கள் பாலிசியில் எத்தனை நாள் என்று பார்த்து, ரத்தப் பரிசோதனைகளை அதற்குள் முடித்துவிட்டால் அந்தப் பணம் மிச்சம்.

வைப்பு நிதி முழுவதையும் நீண்ட காலத்துக்குப் பூட்டி வைக்காமல், முன்கூட்டியே எடுக்கக்கூடிய இரண்டு மூன்று வைப்புகளாகப் பிரித்து வையுங்கள். ஒரு நிதியாண்டில் ஒருவர் 2,50,000 டாலர் வரை வெளிநாட்டுக்கு அனுப்ப ரிசர்வ் வங்கி அனுமதிக்கிறது. 10 லட்சம் ரூபாய்க்கு மேல் போகும் தொகைக்கு வங்கி வரி பிடித்தாலும் வருமான வரிக் கணக்கில் அதைச் சரிசெய்துகொள்ளலாம். நீங்கள் இருவரும் வெளிநாட்டில் இருக்கும்போது இங்கிருந்து பணம் அனுப்புவது எப்படி என்பதைக் கிளம்பும் முன்பே வங்கியில் கேட்டு ஏற்பாடு செய்துவிடுங்கள். கிரெடிட் கார்டில் வெளிநாட்டுப் பரிவர்த்தனையை நீங்களே இயக்கி வைத்தால்தான் அது அங்கே வேலை செய்யும்.

மருந்துகளை மருத்துவர் சீட்டோடு, அசல் உறையிலேயே, 90 நாளுக்கு மிகாமல் எடுத்துச் செல்லுங்கள். வைட்டமின், கால்சியம் மாத்திரைகள் அங்கே சீட்டு இல்லாமலே கிடைக்கும். எடை குறைந்து முகம் அடையாளம் தெரியாத அளவு மாறியிருந்தால், தோற்ற மாற்றத்தைக் காரணமாகக் காட்டிக் கடவுச்சீட்டைப் புதிதாக வாங்கிக்கொள்ளலாம். சாதாரண முறையில் 36 பக்கக் கடவுச்சீட்டுக்குக் கட்டணம் 1,500 ரூபாய். பழைய கடவுச்சீட்டில் உள்ள அமெரிக்க விசா அப்போதும் செல்லும். இரண்டையும் சேர்த்து எடுத்துச் சென்றால் போதும்.