சோற்றை விட்டுச் சப்பாத்திக்கு மாறியும் சுகர் குறையவில்லையே, ஏன்?

கேள்வி: என் கணவருக்கு வயது 48. சர்க்கரை நோய் வந்து நாலு வருடம் ஆகிறது. மெட்ஃபார்மின், கிளிமிபிரைடு மாத்திரைகள் சாப்பிடுகிறார். ஆறு மாதமாகச் சோற்றைக் குறைத்து, காலையில் கேழ்வரகுக் கஞ்சி, இரவில் நாலு சப்பாத்தி என்று மாற்றியும், மூன்று மாதச் சுகர் சராசரியைக் காட்டும் ஹெச்பிஏ1சி ரத்தப் பரிசோதனை 8.4-லேயே நிற்கிறது. உணவாலேயே சரிசெய்துவிடலாம், மாத்திரையை நிறுத்துங்கள் என்கிறார் ஒரு சொந்தக்காரர். நிறுத்தலாமா?
- வாசகி, திண்டுக்கல்

பதில்: நிறுத்தாதீர்கள். அதை முதலில் சொல்லிவிடுகிறேன். மற்றபடி, சாப்பாட்டை மாற்றினால் சுகர் குறையுமா என்றால் நன்றாகவே குறையும். ஆனால் நீங்கள் மாற்றியது தானியத்தை மட்டும்தான், அளவை மாற்றவில்லை.

30 கிராம் மாவில் போட்ட ஒரு சப்பாத்தியில் சுமார் 20 கிராம் மாவுச்சத்து இருக்கிறது, அப்படியென்றால் நாலு சப்பாத்திக்கு 80 கிராம், அதாவது ஏறக்குறைய இரண்டு கப் சோற்றில் இருக்கும் அதே அளவு. கோதுமையில் நார்ச்சத்து கொஞ்சம் கூடுதல், அவ்வளவுதான் வித்தியாசம். தொட்டுக்கொள்ள உருளைக்கிழங்கு குருமா வேறு என்றால் கேட்கவே வேண்டாம். கேழ்வரகைக் குறை சொல்ல மாட்டேன், கால்சியம் நிறைய உள்ள நல்ல தானியம். ஆனால் நைசாக அரைத்த மாவைக் கஞ்சியாகக் காய்ச்சி ஒரு பெரிய டம்ளர் குடித்தால் அது மென்று தின்னும் உணவைப் போல மெதுவாகச் செரிப்பதில்லை, சுகர் சட்டென்று ஏறிவிடும். அடையாகத் தட்டி, நிறைய முருங்கைக்கீரை போட்டு, ஒன்றோடு நிறுத்திக்கொள்ளச் சொல்லுங்கள்.

நம் வீட்டுத் தட்டில் சோறு மலையாக இருக்கும், பொரியல் ஓரமாக ஒரு கரண்டி. இதைத் தலைகீழாக மாற்ற வேண்டும். பாதித் தட்டுக்கு அவரைக்காய், கொத்தவரங்காய், கீரை என்று காய்கறி, கால் பங்குக்குப் பருப்பு, சுண்டல், முட்டை, மீன் இதில் ஏதாவது, மீதிக் கால் பங்குதான் சோறோ சப்பாத்தியோ, அவருக்கு எது பிடிக்குமோ அது. சோறு பிடித்தவரைச் சப்பாத்தி தின்னச் சொல்லிக் கொடுமைப்படுத்த வேண்டியதில்லை! காயையும் பருப்பையும் முதலில் சாப்பிட்டுவிட்டுச் சோற்றைக் கடைசியில் சாப்பிட்டால் சாப்பாட்டுக்குப் பிறகு ஏறும் சுகர் குறைவதைச் சில ஆய்வுகளில் பார்த்திருக்கிறார்கள். சாப்பிட்டதும் படுக்காமல் பத்து பதினைந்து நிமிடம் நடப்பதும் நல்லது. அப்புறம் டீ. நாட்டுச்சர்க்கரை, கருப்பட்டி, தேன் போட்டால் ஒன்றும் செய்யாது என்று யார் கிளப்பிவிட்டார்களோ தெரியவில்லை, மூன்றுமே சுகரை ஏற்றும்.

உங்கள் சொந்தக்காரர் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. பிரிட்டனில் 2017-இல் வெளியான டைரக்ட் ஆய்வில், சர்க்கரை நோய் வந்து 6 ஆண்டுக்குள் இருந்த, இன்சுலின் போடாத, உடல் பருமனானவர்களுக்கு மூன்று முதல் ஐந்து மாதம் வரை நாளொன்றுக்கு ஏறக்குறைய 850 கலோரி மட்டும் கொடுத்தார்கள். ஓராண்டு முடிவில் 46 சதவீதம் பேர் மாத்திரை இல்லாமலேயே சர்க்கரை நோய் அளவுக்குக் கீழே இருந்தார்கள், 15 கிலோவோ அதற்கு மேலோ எடை குறைத்தவர்களில் 86 சதவீதம் பேர். இரண்டாம் ஆண்டில் மொத்தத்தில் அது 36 சதவீதமாகக் குறைந்துவிட்டது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அங்கே மாத்திரையை நிறுத்தியது மருத்துவக் குழு, அதற்கப்புறமும் கூடவே இருந்து கவனித்தார்கள். உங்கள் கணவருக்குத் தொப்பை இருந்தால் முதல் குறி எடையாக இருக்கட்டும். ஒல்லியான ஆள் என்றால் இந்தக் கணக்கை அப்படியே அவருக்குப் போட முடியாது.

இன்னொன்று, இதுதான் எனக்குக் கவலை. அவர் சாப்பிடும் கிளிமிபிரைடு, சாப்பாடு குறைந்தாலும் சுகரை இறக்கிக்கொண்டுதான் இருக்கும். சோற்றைத் திடீரென்று பாதியாக்கிவிட்டு மாத்திரையைப் பழைய அளவிலேயே போட்டால் லோ சுகர் ஆகலாம். கைநடுக்கம், வியர்வை, அகோரப் பசி, தடுமாற்றம் வந்தால் உடனே குளுக்கோமீட்டரில் சுகரைப் பாருங்கள். 70-க்குக் கீழே இருந்தால் மூன்று டீஸ்பூன் குளுக்கோஸ் பவுடரைத் தண்ணீரில் கலந்து கொடுத்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். மயங்கிவிட்டால் வாயில் எதையும் ஊற்றாமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். அதனால் உணவை மாற்றத் தொடங்கும் முன்பே உங்கள் டாக்டரிடம் சொல்லி மாத்திரை அளவைப் பேசிக்கொள்ளுங்கள். சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் ரத்தப் பரிசோதனையும் பார்க்கச் சொல்லுங்கள், சிறுநீரகம் பாதித்திருந்தால் பருப்பு, முட்டையை இஷ்டத்துக்குக் கூட்டக் கூடாது.

ஒரு வாரம் இரவுச் சாப்பாட்டுக்கு முன்பும், சாப்பிட ஆரம்பித்து இரண்டு மணி நேரம் கழித்தும் குளுக்கோமீட்டரில் பார்த்து, என்ன சாப்பிட்டார், எத்தனை சாப்பிட்டார் என்பதோடு எழுதி வையுங்கள். இரண்டாவது எண் பெரும்பாலும் 180-க்குள் இருக்க வேண்டும். அந்தத் தாளை டாக்டரிடம் காட்டுங்கள். ஹெச்பிஏ1சி அடுத்த மாதமே எடுத்துப் பார்த்துச் சோர்ந்துபோகாதீர்கள், அது கடந்த மூன்று மாதச் சராசரியைக் காட்டுவது, மூன்று மாதம் கழித்து எடுத்தால் போதும்.