ஸ்பிட்ஃபயர் மாடல்: கேட்டதும் சொன்னதும்

இரண்டாம் உலகப் போரில், 1940 கோடையில் பறந்த பிரிட்டிஷ் போர் விமானமான ஸ்பிட்ஃபயர் மார்க் 1-இன் பிளாஸ்டிக் மாடலைக் கட்டுவது பற்றி என்ன வேண்டுமானாலும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். நான் இதுவரை பதினோரு ஸ்பிட்ஃபயர் கட்டியிருக்கிறேன். அதில் வெளியே காட்டும்படி இருப்பவை நான்குதான். மீதி ஏழில் கற்றுக்கொண்டதைத்தான் இங்கே சொல்கிறேன்.

கேள்வி: இதுதான் என் முதல் கிட் (பாகங்களாக வரும் மாடல் பெட்டி). 1/72 வாங்கவா, 1/48 வாங்கவா?

1/72 வாங்குங்கள், அதாவது நிஜத்தில் 72-இல் ஒரு பங்கு. நிஜ விமானத்தின் இறக்கை முனைக்கு முனை 11.23 மீட்டர். 1/72-இல் அது 15.6 செ.மீ., 1/48-இல் 23.4 செ.மீ. சின்னதில் காக்பிட்டுக்குள் நீங்கள் என்ன செய்தாலும் கண்ணாடியை மூடிய பிறகு பாதி தெரியாது. முதல் முயற்சிக்கு அது நல்லதுதான். கை பழகியதும் 2018-இல் வந்த தமியா கம்பெனியின் 1/48 மார்க் 1-க்குப் போங்கள்.

கேள்வி: இறக்கைக்கு அடியில் வலது பக்கம் பெரிய பெட்டி இருக்கிறது, இடது பக்கம் சின்னதாக ஏதோ குழாய் மாதிரி இருக்கிறது. கிட்டில் தவறான பாகம் போட்டுவிட்டார்களா சார்?

இல்லை, சரியாகத்தான் இருக்கிறது. பெரியது ரேடியேட்டர், சின்னது ஆயில் கூலர். பின்னால் வந்த மார்க் 9-இல்தான் இரண்டு பக்கமும் ஒரே அளவில் ஆனது.

கேள்வி: ஃப்ளாப்பை (தரையிறங்கும்போது இறக்கையின் பின்விளிம்பில் கீழே இறங்கும் தகடு) கீழே இறக்கி வைத்தால் அழகாக இருக்கிறது. தனியாக வாங்கிய உலோகத் தகட்டு செட்டும் கையில் இருக்கிறது. பொருத்தலாமா?

உங்கள் காசு, உங்கள் மாடல். ஆனால் அந்தக் காலத்துப் புகைப்படங்களைப் புரட்டுங்கள். நிறுத்தி வைத்த ஸ்பிட்ஃபயர் நூறு பார்த்தால், ஃப்ளாப் இறங்கியிருப்பது அபூர்வம். அது காற்றழுத்தத்தில் இயங்குவது. முழுக்க மேலே அல்லது முழுக்கக் கீழே, நடுவில் நிற்காது. தரையிறங்கியதும் பைலட் அதை ஏற்றிவிடுவார். அப்படியும் இறக்கித்தான் வைப்பேன் என்றால், இறக்கையின் மேல்பக்கம் ஃப்ளாப் இறங்கியதைக் காட்ட எழும்பி நிற்கும் சின்னக் கதவையும் திறந்து வையுங்கள். செட் வாங்கியவர்களில் முக்கால்வாசிப் பேர் மறப்பது அதைத்தான்.

அதைவிட, வால் பக்கத்து எலிவேட்டரை (விமானத்தின் மூக்கை ஏற்றி இறக்கும் அசையும் தகடு) கொஞ்சம் கீழே தொங்கவிடுங்கள். யாரும் பிடிக்காத ஸ்டிக், அதாவது பைலட்டின் கட்டுப்பாட்டுக் கம்பு, முன்னால் சாய்ந்துவிடும், எலிவேட்டரும் தானாகத் தொங்கும். ஒரு பைசா செலவில்லை, மாடலுக்கு உயிர் வந்துவிடும்.

கேள்வி: அடிப்பக்கத்துக்கு என்ன நிறம்? ஒரு படத்தில் வெளிர் பச்சை, இன்னொன்றில் நீலம், மற்றொன்றில் பாதி கறுப்பு, பாதி வெள்ளை.

மூன்றுமே சரி, தேதிதான் வேறு. 1940 ஜூன் வரை இடது இறக்கையின் அடி கறுப்பு, வலது வெள்ளை. ஜூனில் 'ஸ்கை' நிறத்துக்கு மாற உத்தரவு வந்தது. போதுமான பெயின்ட் கையில் இல்லாததால் அங்கங்கே கிடைத்ததைக் கலந்து அடித்தார்கள். அதனால்தான் பச்சைச் சாயலும் நீலச் சாயலும் கலந்து கிடக்கின்றன. "சரியான ஸ்கை எது?" என்று சண்டை போடுகிறவர்களைப் பார்த்தால் எனக்குச் சிரிப்புதான் வரும். மேல்பக்கத்தில் சந்தேகமே வேண்டாம்: டார்க் எர்த்தும் டார்க் கிரீனும்.

ஒரு எச்சரிக்கை. வாலுக்கு முன்னால் ஸ்கை நிறப் பட்டையும், அதே நிறத்தில் ஸ்பின்னரும் (ப்ரொப்பெல்லர் நடுவில் உள்ள கூம்பு) 1940 நவம்பர் கடைசியில் வந்த உத்தரவு. ஆகஸ்ட் மாத விமானத்துக்கு அதை அடித்துவிட்டு என்னிடம் கொண்டுவராதீர்கள்.

கேள்வி: டெக்கால் (சின்னங்கள் அச்சிட்ட, தண்ணீரில் நனைத்து ஒட்டும் படலம்) ஓரமெல்லாம் வெள்ளி வெள்ளியாக மின்னுகிறது. ஏன்?

மேட் (பளபளப்பில்லாத) பெயின்ட் மேல் நேரடியாக ஒட்டியிருப்பீர்கள். அதன் பரப்பு சொரசொரப்பு. டெக்காலுக்கு அடியில் காற்று மாட்டிக்கொண்டு வெளிச்சத்தில் மின்னுகிறது. முதலில் பளபளப்பு வார்னிஷ், அப்புறம் டெக்கால், கடைசியில்தான் மேட் வார்னிஷ். இப்போது ஒட்டியதைக் காப்பாற்ற, ஊசி முனையால் அங்கங்கே குத்தி, டெக்காலை இளக்கும் திரவத்தைத் தொட்டுவையுங்கள். பாதியாவது தேறும்.

கேள்வி: சூப்பர் க்ளூவில் காக்பிட் கண்ணாடியை ஒட்டினேன். காலையில் பார்த்தால் பனி படிந்த மாதிரி இருக்கிறது அண்ணா.

எல்லோரும் ஒரு தடவை அழுத அழுகைதான் அது. அந்தப் பசையின் ஆவி படிந்து வெளுக்கிறது. கண்ணாடிக்கு ஃபெவிகால் மாதிரி வெள்ளைப் பசைதான். வழிந்தாலும் ஈரத்துணியில் துடைத்துவிடலாம்.

கேள்வி: துருவும் அழுக்கும் போட்டு, தகட்டு இணைப்புக் கோடுகளில் கறுப்பு நன்றாக இறக்கினேன். நண்பர்கள் பாராட்டினார்கள். நீங்கள்?

நான் பாராட்ட மாட்டேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். அலுமினியம் துருப்பிடிக்காது. 0.3 மி.மீ. கோட்டை 72-ஆல் பெருக்குங்கள்: இரண்டு சென்டிமீட்டருக்கு மேல். அவ்வளவு சந்து விட்டு யாராவது இறக்கைக்குத் தகடு அடிப்பார்களா? கறுப்புக்குப் பதிலாக, அந்தந்த நிறத்தைவிடக் கொஞ்சம் அடர்ந்த சாயலை நீர்க்கவிட்டால் போதும்.

அந்தக் கோடையில் பல விமானங்கள் சில மாதங்களே ஆன புதுசு. எங்கே தேயும் என்று யோசியுங்கள். ஏறி இறங்கும் கதவு இடது பக்கம். அதனால் இடது இறக்கையின் அடிவாரத்தில் பூட்ஸ் பட்டுப் பெயின்ட் உரிந்து வெள்ளி தெரியும். வலதில் அவ்வளவு தெரியாது. எஞ்சின் புகைக்குழாய்க்குப் பின்னால் மங்கலான கறை. துப்பாக்கிப் புகையைப் பூசும் முன் இறக்கை முன்விளிம்பைப் பாருங்கள். எட்டுத் துப்பாக்கி வாய்களையும் சிவப்புத் துணி ஒட்டி மூடியிருப்பார்கள், சுட்டால்தான் கிழியும். துணி முழுசாக இருந்து பின்னால் புகைக்கறையும் இருந்தால் கதை ஒட்டாது.

கேள்வி: சென்னைக்கும் இந்த விமானத்துக்கும் ஏதாவது சம்பந்தம் உண்டா?

உண்டு! பிரிட்டிஷ் விமானப்படையின் 234-வது ஸ்குவாட்ரனுக்கு (விமானப் பிரிவு) 'மெட்ராஸ் பிரசிடென்சி' என்ற பெயர் இருந்தது. 1940-இல் ஸ்பிட்ஃபயர் ஓட்டியவர்கள். இங்கிலாந்தின் மிடில் வாலப் தளத்திலிருந்து பறந்தார்கள், விமானத்தின் பக்கவாட்டில் எழுதிய எழுத்துக்குறி AZ. ஆஸ்திரேலிய பைலட் பேட் ஹியூஸும், ஆங்கிலேய பைலட் பாப் டோவும் அங்கேதான் இருந்தார்கள். ஹியூஸ் 1940 செப்டம்பர் 7 அன்று இறந்தார். என் பன்னிரண்டாவது ஸ்பிட்ஃபயர் அந்த ஸ்குவாட்ரனுடையதுதான். 79-வது ஸ்குவாட்ரனுக்கும் இதே பெயர் இருந்தது, ஆனால் அப்போது அவர்கள் ஓட்டியது ஹரிகேன் என்ற வேறு போர் விமானம்.

கேள்வி: ரேடியோ ஏரியல் கம்பிக்கு என்ன பயன்படுத்துகிறீர்கள்?

கிட்டின் சட்டத்தில் மிஞ்சும் பிளாஸ்டிக் குச்சியை மெழுகுவர்த்திக்கு மேலே காட்டி, இளகியதும் வெளியே எடுத்து இழுப்பேன். தலைமுடியைவிட மெலிதாக வரும். ஆனால் முதலில் உங்கள் விமானத்தில் கம்பி இருந்ததா என்று புகைப்படத்தில் பாருங்கள். 1940-இல்தான் வி.ஹெச்.எஃப். என்ற புது வகை ரேடியோவுக்கு மாறிக்கொண்டிருந்தார்கள். மாறிய விமானத்தில் கம்பம் மட்டும் நிற்கும், அதிலிருந்து வாலுக்குப் போகும் கம்பி இருக்காது. நான் மூன்று மாடலில் இழுத்துக் கட்டிவிட்டு, பிறகு பிளேடால் வெட்டியிருக்கிறேன்.