பழைய லேண்ட்ரோவரின் அலுமினியக் கதவில் விழுந்த பள்ளத்தை எடுக்கும் முன் தகட்டைச் சூடாக்கி இளக்க வேண்டுமா?

வேண்டும், ஆனால் பள்ளம் முழுவதையும் அல்ல. 1978 சீரிஸ் 3 வண்டி, கதவின் நடுவில் அகலமான பள்ளம், அதன் குறுக்கே கூர்மையான மடிப்பு என்று எழுதியிருக்கிறீர்கள். மடிப்பு விழுந்த கோட்டை மட்டும் இளக்குங்கள். அகலமான பகுதி பெரும்பாலும் மடிப்பு பிடித்து வைத்திருப்பதால்தான் உள்ளே நிற்கிறது. மடிப்பை விடுவித்தால் அதில் பெரும்பங்கு தானாகவே எழும்பிவிடும்.

கம்பியை ஒரே இடத்தில் முன்னும் பின்னும் மடக்கினால் அந்த இடம் விறைத்துப் பிறகு முறிகிறது அல்லவா, அதேதான் இந்த மடிப்பிலும் நடந்திருக்கிறது. விறைத்த கோட்டின் மேல் சுத்தியலால் அடித்தால் பக்கத்துத் தகடு நீளும், மடிப்பு அசையாது, கடைசியில் விரிசல் விடும். சூடு காட்டினால் உலோகத்தின் படிகங்கள் புதிதாக உருவாகி, தகடு மறுபடி வளைந்து கொடுக்கும். இதுதான் அனீலிங்.

உங்கள் வண்டிக்கு இது பொருந்துவதற்குக் காரணம் அதன் உலோகம். போருக்குப் பின் பிரிட்டனில் எஃகுக்குத் தட்டுப்பாடு இருந்த 1948-இல் லேண்ட்ரோவர் வெளிவந்தது. அதன் உடலுக்கு மக்னீசியம் கலந்த பர்மாபிரைட் என்ற அலுமினியக் கலவையைத் தேர்ந்தெடுத்தார்கள். உருட்டுவதாலும் அடிப்பதாலும் மட்டுமே இறுகும் வகை இது. இளக்கிய பிறகு தட்டத் தட்டத் தானே மறுபடி இறுகிக்கொள்ளும்.

அலுமினியத்தில் பெரிய ஆபத்து, அது சிவக்காது என்பதுதான். இரும்பைப் போல நிறம் மாறி எச்சரிக்காமல், 600 டிகிரிக்குச் சற்று மேலே போனதும் சட்டென்று ஓட்டையாகிவிடும். நமக்குத் தேவையான சூடு 350 முதல் 400 டிகிரி வரைதான். அதைக் கண்ணால் அறியப் பட்டறைகளில் ஒரு பழைய முறை உண்டு. பெயின்ட்டை முழுவதும் நீக்கிவிட்டு, ஆக்சிஜனைக் குறைத்து அசிட்டிலீன் சுடரைப் புகைய விட்டு, மடிப்பின் மேல் மெல்லிய கரி படிய வையுங்கள். பிறகு ஆக்சிஜனைக் கூட்டிச் சுடரைச் சரிசெய்து, ஓரிடத்தில் நிறுத்தாமல் தள்ளிப் பிடித்து அசைத்துக்கொண்டே போங்கள். கரி எரிந்து மறைந்து தகடு வெளியே தெரியும் நொடியில் சுடரை எடுத்துவிட வேண்டும். கரிக்குப் பதிலாகச் சோப்புக் கட்டியைத் தேய்த்தும் பார்க்கலாம். அது பழுப்பாகிக் கறுக்கும்போது சூடு போதும். தானாக ஆறவிட்டாலும் ஈரத்துணி வைத்தாலும் மென்மையில் வேறுபாடு இல்லை. நான் ஆறவிடுவேன், தகடு கோணாது.

கதவின் ஓரத்துக்குச் சுடரைக் கொண்டுபோகவே கூடாது. அங்கே அலுமினியத் தகடு எஃகுச் சட்டத்தின் மேல் மடித்துப் பிடிக்கப்பட்டிருக்கிறது. சூட்டில் அலுமினியம் எஃகைவிட ஏறத்தாழ இரண்டு மடங்கு விரியும். விரிய இடமில்லாமல் நடுவில் உப்பிவிடும். கண்ணாடி, ரப்பர், உள்பக்க அட்டை எல்லாவற்றையும் முதலிலேயே கழற்றிவிடுங்கள்.

தகட்டுக்குப் பின்னால் டோலி (கையில் பிடித்து முட்டுக்கொடுக்கும் இரும்புக் கட்டை) கொடுத்து, மரச் சுத்தியலால் மடிப்பின் இரு முனைகளிலிருந்து நடுவை நோக்கி வாருங்கள். இறுகியதாகக் கைக்குத் தெரிந்தால் மறுபடி இளக்கலாம். ஆனால் கடைசிச் சுற்றில் டோலியின் மேல் வைத்து நெருக்கமாக, மெதுவாகத் தட்டி முடியுங்கள். அந்தத் தட்டலில்தான் விறைப்புத் திரும்புகிறது. அது இல்லாவிட்டால் கட்டை விரலால் அழுத்தினாலே தகடு உள்ளே போய் வரும். எஃகு வேலைக்குப் பயன்படுத்திய உப்புத்தாளையும் அரத்தையும் இதில் தொடாதீர்கள். பதியும் இரும்புத் துகள் பெயின்ட்டுக்கு அடியில் அரிப்பைத் தொடங்கிவைக்கும்.

இதைப் படித்துவிட்டுப் புதிய வண்டியின் அலுமினியக் கதவில் யாரும் சுடரைக் காட்ட வேண்டாம் என்று மன்றாடிக் கேட்கிறேன். 2015 முதல் வந்த ஃபோர்டு எஃப்-150 பிக்கப் வண்டி போன்றவற்றில் இருப்பது 6000 வரிசைக் கலவை. மக்னீசியமும் சிலிக்கானும் சேர்ந்த நுண்துகள்களே அதற்கு வலுவைத் தருகின்றன. 400 டிகிரி காட்டினால் அந்த வலு போய்விடும். தட்டியும் பழைய நிலை வராது, பெயின்ட் அடுப்பில் வைத்தாலும் வராது. ஓரத்தில் உள்ள பசையும் கருகும். காந்தம் வைத்துப் பார்த்து இந்த இரண்டு கலவைகளையும் பிரித்தறிய முடியாது. தயாரிப்பாளரின் பழுதுபார்ப்புக் கையேட்டைத்தான் பார்க்க வேண்டும்.

வேலையைத் தொடங்கும் முன் உங்கள் கதவின் அடிவிளிம்பை ஒரு திருப்புளியால் குத்திப் பாருங்கள். எஃகும் அலுமினியமும் ஈரத்தில் உரசிக் கிடக்கும் இடம் அது. வெள்ளைப் பொடி உதிர்ந்து திருப்புளி உள்ளே இறங்கினால் அந்தப் பகுதியில் உலோகமே மிச்சமில்லை. அதை வெட்டி எடுத்துப் புதுத் தகடு போடுவதைத் தவிர வேறு வழியில்லை.