கொழிஞ்சி விதை ஏன் முளைக்கவில்லை?

கேள்வி: உச்சிப்புளி அருகே கடலோர மணலில் தென்னந்தோப்பு வைத்திருக்கிறேன். பசுமையாக இருக்கும்போதே மண்ணில் மடக்கி உழும் பசுந்தாள் உரத்துக்கு விதைத்த தக்கைப்பூண்டு கருகிவிட்டது. அடுத்து கொழிஞ்சி விதைத்தேன். பத்துக்கு ஒன்றுகூட முளைக்கவில்லை. விதை கெட்டுப்போனதா?

பதில்: பெரும்பாலும் விதையில் குறை இருக்காது. கொழிஞ்சி விதையின் தோல் மெழுகு பூசியதுபோல் இறுகியிருக்கும். தண்ணீரை உள்ளே விடாது. ஒரு மழையை நம்பி எல்லா விதையும் முளைத்துவிடாமல் செடி தன் வம்சத்தைக் காத்துக்கொள்ளும் வழி அது. நமக்கோ ஒரே சமயத்தில் முளைக்க வேண்டும்.

விதையோடு சம அளவு பருமணல் கலந்து, சாக்கில் கொட்டித் தரையில் நன்றாகத் தேயுங்கள். தோலின் பளபளப்பு மங்கினால் போதும், விதை உடையக் கூடாது. மணலைச் சலித்துவிட்டு, ஒரு கைப்பிடி விதையை இரவு முழுவதும் ஊறவைத்துப் பாருங்கள். உப்பியவை முளைக்கும். உப்பாதவை அதிகம் இருந்தால், மொத்த விதையையும் இன்னொரு முறை தேய்க்க வேண்டும். தேய்க்காமல் விதைப்பதைவிட விதைக்காமலே இருக்கலாம் என்பேன்.

ஏக்கருக்கு 8 கிலோ போதும். புரட்டாசிக் கடைசியில், வடகிழக்குப் பருவமழையின் முதல் நல்ல ஈரத்தில் தூவி, லேசாகக் கிளறி மூடுங்கள். ஆழமாகப் புதைக்க வேண்டாம். தொடக்கத்தில் வளர்ச்சி மந்தமாகத்தான் இருக்கும், பொறுத்திருங்கள். வேர் இறங்கிவிட்டால் மணலின் வறட்சியைத் தாங்கும். ஆடு மாடுகளும் இதை விரும்பி மேய்வதில்லை. திறந்த தோப்புக்கு இது பெரிய நிம்மதி. ஒரு செடியைப் பிடுங்கி, வேரில் உருண்டையாக இருக்கும் சிறு முடிச்சை நசுக்கிப் பாருங்கள். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால், காற்றிலுள்ள தழைச்சத்து (நைட்ரஜன்) மண்ணுக்கு வந்துகொண்டிருக்கிறது.

தக்கைப்பூண்டு ஈரம் கேட்கும் செடி. தண்ணீர் தேங்கும் பள்ளமோ, உப்புப் பூக்கும் இடமோ உங்கள் தோப்பில் இருந்தால் அதை அங்கே விதையுங்கள். அங்கே கொழிஞ்சி அழுகிவிடும். மேட்டு மணலுக்குக் கொழிஞ்சிதான்.

ஊதாப் பூ எடுக்கத் தொடங்கியதும், ஈரம் இருக்கும்போதே மடக்கி உழுதுவிடுங்கள். காய் பிடிக்கும்வரை விட்டால் தண்டு கட்டையாகிவிடும், மணலில் எளிதில் மக்காது.

வேலியோரச் செடிகளை மட்டும் விதைக்கு விட்டுவையுங்கள். காய் பழுப்பேறியதும், காலைப் பனி உலர்வதற்குள் பறியுங்கள். வெயில் ஏறினால் காய் வெடித்து விதை சிதறிவிடும். அப்படிச் சிதறியவையும் வீணல்ல. அடுத்தடுத்த மழைகளில் அவை தாமாக முளைத்து வரும்.